பாப்பா தூங்குது சார்

என் மகள் கல்லூரியில் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டியிருந்தது. பழைய கிரேக்கக் காவியங்களில் வரும் வேலைக்காரர்கள், தோழர்கள் ஆகியோரின் விசுவாசம் என்பது தலைப்பு. கேட்டதும் எனக்கு உற்சாகமாக இருந்தது. விசுவாசத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

நானும் ஒரு காலத்தில் கோயம்புத்தூரில் ஆங்கில இலக்கியம் படித்தவன்தான். அதன்பிறகு ஊட்டியில் ஓர் அரசு அலுவலகத்தில் சேர்ந்து, இலக்கியத்தை மறந்து, கோப்புகளில் 'பரிசீலிக்கப்பட்டது' என்று எழுதுகிறவன் ஆனேன். மகளின் தலைப்பு என்னைத் தட்டி எழுப்பியது. ஒரு வாரம் சாயங்காலமெல்லாம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவளுக்குக் கதை சொன்னேன். போருக்குப் போன அரசன் இருபது வருடம் கழித்துப் பிச்சைக்காரன் வேடத்தில் வீடு திரும்புகிறான். பன்றி மேய்ப்பவன் ஆள் யாரென்று தெரியாமலே சோறு போடுகிறான். கால் கழுவிவிடும் கிழத் தாதி தொடையில் இருக்கும் தழும்பைத் தொட்டு, ஆள் யாரென்று கண்டுபிடித்துவிடுகிறாள். எஜமானியிடம்கூடச் சொல்லாமல் வாயை மூடிக்கொள்கிறாள்.

இந்தக் கடைசி விஷயத்தை நான் குறிப்பாகப் புகழ்ந்தேன். ரகசியம் காப்பதுதான் வேலைக்காரர்களின் உச்சம் என்றேன். அடுக்களையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா கத்தியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அக்கா என்று நான் சொல்வது எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாளை. ஐந்து வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து பெற்றோருடன் கப்பலேறி வந்தவர். முப்பது வருடத்துக்கு மேல் இங்கே எஸ்டேட்டில் கொழுந்து பறித்து, முழங்கால் போனபிறகு ஊட்டியிலேயே காந்தல் பகுதியில் ஒரு வீடு பிடித்துக்கொண்டு, மதியம் ஒன்றிலிருந்து மாலை ஆறேகால் வரை எங்களிடம் வருகிறார்.

"ஏன் சார், அந்த ராசா எதுக்கு வேசம் போட்டுக்கிட்டு வாராரு? நேரா வந்து கதவத் தட்டுறதுதான?" என்று கேட்டார்.

"யாரு விசுவாசமா இருக்காங்கன்னு பாக்கறதுக்குத்தாங்க அக்கா."

"இருவது வருசம் ஊட்டுப் பக்கமே வராதவரு, வந்ததும் மத்தவங்களச் சோதிக்கிறாராக்கும்."

மகள் நோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"பன்னி மேச்சாரே, அவருக்கு ராசா என்ன செஞ்சாரு?"

"ஊடு கட்டித் தாரேன், கல்யாணம் பண்ணி வெக்கறேன்னு சொல்றாருங்க."

"செஞ்சாரா?"

யோசித்தேன். "அது கதையில வரலீங்க."

"வராது சார்," என்று சொல்லிவிட்டு அக்கா பீன்ஸுக்குத் திரும்பினார்.

வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்குக் கோயம்புத்தூரில் வங்கி வேலை. சனிக்கிழமை வருவாள், திங்கள் விடிவதற்கு முன் இறங்கிவிடுவாள். மற்ற ஐந்து நாளும் மகளைப் பற்றிப் பயப்படும் பொறுப்பு என்னிடம் மட்டும். அதை நான் குறைவில்லாமல் செய்துவந்தேன். மழை பெய்தால் மரம் விழும். மழை விட்டால் மண் சரியும். மூடுபனியில் பஸ்ஸுக்குக் கண் தெரியாது. வெயில் அடித்தால் காட்டெருமை தேயிலைக்குள்ளிருந்து ரோட்டுக்கு வரும். மகளுக்குப் பத்தொன்பது வயதாகிறது என்பது இந்தப் பட்டியலில் எதையும் குறைக்கவில்லை.

ஆகவே தினமும் சரியாக நாலரைக்கு அலுவலகத்திலிருந்து அக்காவை அழைப்பேன். மகளை நேராக அழைத்தால் கோபப்படுவாள். அக்கா கோபப்படுவதில்லை. "பாப்பா வந்துருச்சுங்களா?" என்பேன். "வந்திருச்சு சார்," என்பார். அதன்பிறகுதான் எனக்கு டீ இறங்கும்.

இதற்கு நடுவில் நாய் விவகாரம் ஒன்று. எங்களிடம் ஆறு வருடமாக ஒரு நாட்டு நாய் இருந்தது. போன மார்கழியில் ஒரு சிறுத்தை இரண்டு முறை எங்கள் வாசல்வரை வந்துபோனதை எதிர்வீட்டுக் கேமராவில் பார்த்தேன். சிறுத்தை மனிதருக்காக வராது, நாய்க்காகத்தான் வரும். நாய் இருக்கும்வரை அதுவும் வரும், மகளும் அந்த வாசலில் நடப்பாள். மறுநாளே அலுவலக நண்பர் ஒருவரிடம் சொல்லி, ஊட்டிச் சந்தைக்குக் கேரட் இறக்கிவிட்டு சோலூர் கிராமத்துக்குத் திரும்பும் பிக்கப் வண்டி ஒன்றில் நாயை ஏற்றி அனுப்பிவிட்டேன். யாரோ ஒரு விவசாயி வளர்த்துக்கொள்வதாகச் சொன்னாராம். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அது சரியான முடிவு என்று இன்றும் சொல்வேன். சொல்லும்போது மகள் பக்கம் பார்க்கமாட்டேன்.

அவள் ஒரு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பிறகு, கட்டுரை வேலை தொடங்கிய சமயத்தில், திடீரென்று தெளிந்துவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். நாலரை மணிப் பதிலும் கொஞ்சம் மாறியது. செவ்வாயும் வெள்ளியும், "பாப்பா தூங்குது சார்," என்றார் அக்கா. பாவம், படிப்புக் களைப்பு என்று எண்ணிக்கொண்டேன். "எழுப்பாதீங்க," என்பேன். "இல்ல சார், எழுப்பல." சில நாட்களில் நானே முந்திக்கொண்டு, "தூங்குதுங்களா?" என்று கேட்டுவிடுவேன். மூன்று வாரம் இப்படிப் போனது. என் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியான மூன்று வாரங்கள் வாய்த்ததில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே பனி இறங்கியிருந்தது. நாலரைக்கு அழைத்தேன், தூங்கிக்கொண்டிருந்தாள். டீ குடித்தேன். ஐந்து மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு.

"சார், உங்க பொண்ணு இங்க எங்க தோட்டத்துல இருக்காங்க. காட்டெருமை தொரத்தி விழுந்துட்டாங்க. கால்ல நல்ல அடி."

ஒரு கணம் எழுந்து பையைக்கூட எடுத்துவிட்டேன். பிறகு சிரிப்பு வந்தது. எங்கள் உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் மோசடி அழைப்புகளைப் பற்றி எச்சரிக்கை அனுப்புவதில் நான்தான் முதல் ஆள். உங்கள் பிள்ளைக்கு விபத்து என்பார்கள், பதறாதீர்கள், முதலில் வீட்டுக்கு அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். போன மாதம் அதை நானே நாற்பது பேருக்கு அனுப்பியிருந்தேன். அதன்படியே செய்தேன்.

"ஏனுங்க அக்கா, பாப்பா இன்னும் தூங்குதுங்களா?"

"ஆமா சார்."

வந்த அழைப்பைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. வீணாக எதற்குப் பயமுறுத்துவது என்று நினைத்தேன். பயம் என்னுடைய இலாகா.

அந்த எண் மறுபடி அழைத்தது. எடுத்ததும், "ஏனுங், என்ற பொண்ணு ஊட்டுல தூங்குது. இன்னொருக்கா கூப்பிட்டீங்கன்னா போலீஸ்ல சொல்லிருவேன்," என்றேன். அந்தப் பக்கம் ஏதோ சலசலப்பு. பிறகு ஒரு குரல் அழுதது.

"அப்பா, நாந்தாம்ப்பா."

குரலைக்கூட மெஷினில் வைத்து அப்படியே செய்துவிடுகிறார்கள் என்று படித்திருந்தேன். அதையும் குழுவில் அனுப்பியிருந்தேன். எவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று ஒரு வினாடி வியந்தேன். 'அப்பா'வில் அந்த மூக்கடைப்பு அப்படியே இருந்தது. ஃபோனை வைத்துவிட்டேன்.

எழுதிவிட்டேன். இந்த வரியை எழுதவே இரண்டு மாதம் ஆயிற்று.

மூன்றாவது முறை மணி அடித்தபோது எடுக்காமல் விட்டிருப்பேன். திட்டுவதற்காகத்தான் எடுத்தேன். நான் வாயைத் திறக்குமுன் அந்தக் குரல் வேகமாகச் சொன்னது:

"வெச்சுறாதீங்கப்பா. தூங்குதுன்னு அக்கா சொன்னது நான் சொல்லச் சொல்லித்தான். அவங்களத் திட்டாதீங்க."

எந்த மோசடிக்காரனுக்கு எங்கள் வீட்டு அக்காவைத் திட்டாதீர்கள் என்று சொல்லத் தோன்றும்? அந்தத் தாதி தழும்பைத் தொட்டது போலத்தான் இருந்தது எனக்கு. ஆனால் அவள் கையிலிருந்து அரசனின் கால் மட்டும்தான் நழுவியது. எனக்கு நாற்காலியே நழுவியது.

சோலூரில் இருப்பதாகச் சொன்னாள். டாக்சியில் போனேன். பனியில் வண்டியின் மூக்கே தெரியவில்லை. ஓட்டுநர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ரோட்டின் வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். வழி நெடுக நான் ஒன்றைத்தான் கணக்குப் போட்டேன். என் மகள் அந்தக் கேரட் வயலில் வலியோடு கிடந்த நேரத்தில், நான் எத்தனை நிமிடம் அவள் தூக்கம் கலையாமல் பார்த்துக்கொண்டேன் என்று.

விவசாயியின் வீட்டுக் கூடத்தில் சாக்கு விரித்து அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். கணுக்கால் பப்பாளி போல வீங்கியிருந்தது. பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பும் பாதையில் காட்டெருமை நின்றிருக்கிறது. ஒதுங்க இடமில்லாமல் படிப்படியாக இறங்கும் கேரட் வயலின் சுவரிலிருந்து குதித்திருக்கிறாள். அவள் ஃபோன் உடைந்துவிட்டது. காட்டெருமை அவளைத் துரத்தவே இல்லையாம், புல்லைத் தின்றுகொண்டு நின்றதாம். அதை அவளே பிறகு சொன்னாள்.

அவள் காலடியில் எங்கள் நாய். காவியத்தில் ஒரு நாய் வருகிறது. இருபது வருடம் குப்பைமேட்டில் காத்துக் கிடந்து, எஜமானின் குரலைக் கேட்டதும் வாலை ஆட்டிவிட்டுச் செத்துப்போகும். எங்கள் நாய் கேரட் தின்று நன்றாகக் கொழுத்திருந்தது. என்னைப் பார்த்தது. அடையாளம் தெரிந்துகொண்டது, அதில் சந்தேகமே இல்லை. எழுந்து எனக்கும் மகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு உறுமியது.

"உங்களத்தாங்க போலீஸ்ல சொல்லிருவேன்னு சொன்னது," என்றேன் விவசாயியிடம்.

"பரவால்ல சார்," என்றார். "நாயப் புடிங்க யாராவது."

எலும்பு முறிவு. மாவுக்கட்டு. வீட்டுக்கு வந்தபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. ஆறேகாலுக்குப் போக வேண்டிய அக்கா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். மகளைத் தாங்கி உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார். வெளியே வந்ததும், நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பெரிய பேச்சில் ஒரே ஒரு வரிதான் வந்தது.

"நாளையிலிருந்து வர வேண்டாங்க."

"சரிங்க சார்," என்று சாவியை எடுத்து ஷூ ஸ்டாண்டின் மேல் வைத்தார். மன்னிப்பும் கேட்கவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கோபத்தைத் தந்தது. எட்டு வருடம் என் உப்பைத் தின்றவர் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எங்கள் வீட்டுக் குழம்புக்கு உப்புப் போட்டதே அவர்தான் என்பது அப்போது தோன்றவில்லை.

அடுத்த இரண்டு வாரம் நான் விடுப்பெடுத்து வீட்டில் இருந்தேன். மகளுக்குக் கஞ்சி வைத்தேன், சட்னி அரைத்தேன், எதுவும் சரியாக வரவில்லை. அவள் காலை நாற்காலிமேல் நீட்டி வைத்து, பழைய ஃபோன் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கட்டுரை எழுதினாள். தினமும் நாலரைக்கு அந்த ஃபோன் அடிக்கும். "சாப்டேன்க்கா," என்பாள். "கால் அரிக்குதுக்கா." யார் என்று நான் கேட்கவில்லை.

ஒருநாள், "எதுவரைக்கும் வந்துருக்குது கட்டுரை?" என்று கேட்டேன்.

"வேலைக்காரப் பொண்ணுங்களத் தூக்குல போடற எடம்," என்றாள், நிமிராமல். "விசுவாசம் இல்லைன்னு ராசா முடிவு பண்ணிட்டாரு. அவங்ககிட்ட யாரும் ஒரு வார்த்த கேக்கல."

நான் எழுந்து போய்த் துணி காயப்போட்டேன்.

இரண்டு வாரமும் பொறுத்துப் பார்த்த மனைவி, சனிக்கிழமை வந்ததும் எல்லாவற்றையும் சுருக்கமாக முடித்தாள். "ஏனுங், அவங்க சொன்னது பொய்தான். நீங்க பெத்த பொண்ணு கொரல் தெரியாம ஃபோன வெச்சீங்க. ரெண்டு பேர்ல யார ஊட்ட உட்டு நிறுத்தறது?"

ஞாயிற்றுக்கிழமை காலை காந்தலுக்குப் போனேன். செங்குத்தான படி ஏறிப் போக வேண்டிய ஒற்றை அறை வீடு. அக்கா ஆச்சரியப்படவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி கொடுத்தார்.

"நான் நம்பிக் கேட்டனுங்களே அக்கா," என்றேன். கோபமாகச் சொல்ல நினைத்தது கெஞ்சலாக வந்தது.

அவர் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு எஸ்டேட் கதை ஒன்றைச் சொன்னார். காலையில் ஆட்களை வரிசையில் நிற்கவைத்துப் பேர் கூப்பிடுவதை அவர்கள் பெரட்டு என்பார்கள். பேர் விழுந்தால்தான் அன்றைய நாள் கணக்கு. மதியம் கொழுந்தை நிறுக்க வேண்டும்.

"ஒருத்திக்கு மேலுக்கு முடியலன்னு வைங்க. இல்ல, கைப்புள்ளைக்குப் பால் குடுக்க லயத்து வீட்டுக்கு ஓடிட்டா. நிறுக்குறப்ப அவ பையில நாங்க ஆளுக்கு ரெண்டு கை கொழுந்து போட்டுருவோம். தொரை வந்து எங்கன்னு கேட்டா, அந்தா கீழ செடி நிரையில நிக்கிறான்னு ஒரே மாதிரி சொல்லுவோம். கூட நிக்கிறவளக் காட்டிக் குடுத்தவ மறுநாள் எந்த நிரையிலயும் நிக்க முடியாது சார்."

"பாப்பா உங்ககூட கொழுந்து பறிக்குதுங்களா?"

"பின்ன? நாலரைக்கு எனக்கும் பெரட்டு, அதுக்கும் பெரட்டு. பதில் சொல்றது நானு, பேரு அதோடது." லேசாகச் சிரித்தார். "நாயப் பாக்கத்தான போச்சு. சோலூர்ல எந்தத் தோட்டம்னு கண்டுபுடிச்சுச் சொன்னதும் நாந்தான். நம்ம தெருப் பொம்பளைங்கதான அங்க கேரட் புடுங்கப் போறாங்க."

"அப்ப நான் யாருங்க?"

"நீங்க தொரை சார்," என்றார், மணி என்ன என்று கேட்டால் சொல்வது போல.

இவ்வளவு நாளும் அந்தக் கதையில் நான் விசுவாசத்தைத் தேடியது எஜமானின் பக்கத்திலிருந்து மட்டும்தான். விசுவாசம் இல்லாமல் இல்லை, நிறையவே இருந்தது. என்னைத் தாண்டி, கூட நிற்கிறவர்களுக்குள் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது.

ஆனாலும் கேட்டேன். "இப்பிடிச் சொல்லி யாருக்கும் எதுவும் ஆனதில்லீங்களா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஆயிருக்கு. ஒருக்கா கீழ நிரையில நிக்கிறான்னு எல்லாரும் சொன்னோம். மத்தியானம் நிறுக்கத்தான் தேடுறோம், அவ தண்ணி ஓடுற கான்ல மயங்கிக் கெடக்கா. பொழச்சுக்கிட்டா. ஒரு கை வெளங்காமப் போச்சு." தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுலருந்து, போயி ஒரு எட்டுப் பாத்துட்டுத்தான் நிக்கிறான்னு சொல்லுவேன். பாப்பாவப் போயிப் பாக்க முடியல. நீங்க ரெண்டாவது தடவ கூப்பிட்டப்ப கொரலு ஒரு மாதிரி இருந்துச்சு. கேட்டிருக்கணும். கேக்கல. அது என் தப்புத்தான் சார். வேலைய உட்டு நிறுத்துனது சரி."

வந்த அழைப்பைப் பற்றி நானும் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்றேன். மன்னிப்புக் கேட்க வந்தவனா, கொடுக்க வந்தவனா என்று எனக்கே விளங்கவில்லை. தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

"நாளைக்கு வாங்க," என்றேன். "சட்னி வாயில வெக்க முடியலீங்க."

"வாரேன். ஆனா இனிமே உள்ளதத்தான் சொல்லுவேன். பாப்பாகிட்டயும் சொல்லிட்டேன். பொறவு வருத்தப்படக் கூடாது."

வருத்தமா, இதைத்தானே கேட்டேன் என்றேன். அவ்வளவு விவரம் தெரியாதவனாக இருந்தேன்.

கட்டுப் பிரித்தாகிவிட்டது. கட்டுரையும் வாசித்துவிட்டாள். தாதியின் ரகசியம் எஜமானுக்கு உதவும்போது மட்டும் ஏன் விசுவாசம் ஆகிறது என்று கேட்டிருந்தாளாம், பாராட்டினார்களாம். இப்போது செவ்வாயும் வெள்ளியும் என்னிடம் சொல்லிவிட்டே சோலூருக்குப் போகிறாள். நான் தடுப்பதில்லை. நாலரைக்கு அழைப்பேன். அக்கா உள்ளதைச் சொல்வார்.

போன வெள்ளிக்கிழமை மறுபடி பனி.

"பாப்பா வந்துருச்சுங்களா?"

"இன்னும் வரல சார். நாலு மணிக்கு பஸ் ஏறிட்டேன்னுச்சு. பொறவு லைன் போகல."

"ரோட்டுல ஏதாவது..."

"தெரியாது சார்."

அந்த 'தெரியாது' என்ற சொல்லுக்கு முன்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேனோ. மேசைமேல் டீ ஆடை கட்டியது. கடைசியில் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"அக்கா, தூங்குதுன்னு ஒரே ஒருக்கா சொல்லுங்களேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து அடங்கியது.

"சொல்ல மாட்டேன் சார். நீங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க."

போனேன். காதை மூடும் குரங்குக் குல்லாயை இழுத்துவிட்டு, மப்ளரை மூக்குவரை சுற்றி, அவள் கண்ணில் படாமல் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். வந்துவிட்டாளா என்று மட்டும் பார்த்துவிட்டு, அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று திட்டம். நாற்பது நிமிடம் தாமதமாக பஸ் வந்தது. கொஞ்சம் காலைத் தாங்கி இறங்கினாள். ஸ்வெட்டரெல்லாம் நாய் முடி. தூணைத் தாண்டிப் போகும்போது, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"குல்லா போட்டா தெரியாதாக்கும். வாங்கப்பா, குளுருது."

நான் வெளியே வருவதற்குள் அவள் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டேன்க்கா. ஆமா, இங்கதான் நிக்கிறாரு. இல்லக்கா, நல்லாத்தான் இருக்காரு." என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். "கை மட்டும் நடுங்குது."